காரை நிறுத்துவது டயர், காலிப்பர் இல்லை

முந்தாநாள் வீடியோவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: பெரிய பிரேக் கிட் மாட்டிய காரை ஒரு தம்பி ரோட்டில் காயவைத்த நெல்லின் மேல் விட்டுச் சிதறடித்துவிட்டு, காயவைத்த பெரியவரையே குறை சொல்லிப் போட்ட வீடியோ. அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "தம்பி, அந்தக் காசுக்கு முதலில் டயரை மாற்றியிருக்கலாம்." அதற்கு வந்த பதில்களில் பாதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதிலேயே மரியாதையானது, "பழைய டப்பா ஓட்டுற மாமாவுக்கு பிரேக் கிட் பத்தி என்ன தெரியும்?"

சரி, மாமாவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். காரை நிறுத்துவது டயர். ஓங்கி மிதிக்கும்போது காலடியில் தடதடவென்று ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு) அடிக்கிறதா? அப்படியென்றால் கம்பெனி கொடுத்த பிரேக்குக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் பலம் இருக்கிறது, ரோட்டைப் பிடிக்கும் பலம்தான் டயரில் மிச்சமில்லை என்று அர்த்தம். இதற்கு மேல், சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கை ஓட்டை போட்டதாகப் பெரிதாகப் போட்டாலும், அதை அமுக்கிப் பிடிக்கும் காலிப்பரை ஆறு பிஸ்டனோடு போட்டாலும், கார் அதே இடத்தில்தான் போய் நிற்கும். சிவப்புப் பெயின்ட் அடித்தால் ஓர் அடி கூடக் குறையாது.

பெரிய டிஸ்க் எதற்கு என்று கேட்கலாம். சூட்டுக்கு. திரும்பத் திரும்ப முழு வேகத்திலிருந்து அமுக்கும்போது சாதாரண பிரேக் சூடேறித் தளர்ந்துபோகும், பெரியது தாங்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். "மலைப்பாதைக்கு வேண்டாமா?" என்றார் ஒருவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் இறங்கும்போது கியரைக் குறைத்துத்தான் வர வேண்டும், அதற்குக் காசு கிடையாது. அதுவும் போகட்டும், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் நமக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தானே ஐயா! இன்னொன்று, அந்தத் தம்பி பெருமையாகச் சொன்ன ரேஸ் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். வீட்டிலிருந்து கடைத்தெரு போகிற தூரத்தில் அது எங்கே சூடாகும்?

என் மச்சானுக்கும் இந்த ஆசை வந்தது. யாரோ லட்சத்துக்கு மேல் விலை சொல்லி, அதற்காக வீல் ரிம்மையும் பெரிதாக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். நான்தான் நீடாமங்கலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் இழுத்துப் போனேன். அவர் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே பழைய டிக்காஷன் மாதிரி இருந்தது. கார் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்கிற ரக ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். அப்புறம் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைத் துணியால் துடைத்தார்: 1416. 2016இன் பதினாலாவது வாரத்தில் செய்த டயர். நாலு டயர், பிரேக் ஆயில், முன் பேட் எல்லாம் மாற்றி, அவன் கேட்ட கிட்டின் விலையில் கால்வாசி கூட ஆகவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று இன்றைக்கும் அவனுக்குக் குறை.

"என் காசு, என் கார், உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" இருக்கட்டும், வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "பாதுகாப்புக்குச் செலவு செய்வது தப்பா?" தப்பே இல்லை, அதனால்தான் டயர் என்றேன். 80இல் போகிற கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, உங்கள் கால் பெடலுக்கு வருவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். 80ஐ 100 ஆக்கினால் பிரேக் கரைக்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல். புது பிரேக் இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்த 20ஐ ஏற்றுவது யார்? மாமாவா?

ஆனால் எனக்கு உண்மையில் பொறுக்காதது பிரேக் இல்லை. "ரோட்டுல நெல்லைக் கொட்டி வச்சா எவனால நிறுத்த முடியும்" என்று அந்தப் பெரியவரைப் பேசிய பேச்சுதான். நெல்மணி உருளும், அதன் மேல் எந்த பிரேக்கும் பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதைத்தானே நானும் சொல்கிறேன்! ரோட்டில் காயவைப்பது சரியா என்றால் சரியில்லைதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள், களம் இல்லாத ஊரில் அறுத்த நெல்லை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார், உங்கள் வீட்டு மாடியிலா? ஓரமாகச் செங்கல் வரிசை வைத்து, முள்கிளை போட்டு, பாதி ரோட்டை விட்டுத்தான் காயவைத்திருந்தார், உங்கள் வீடியோவிலேயே தெரிகிறது. தை மாதத்தில் நம் பக்கம் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் நெல் கிடக்கும், வைக்கோல் கிடக்கும், வாத்துக்கூட்டம் குறுக்கே வரும் என்று தெரியும். உங்கள் தாத்தாவும் இப்படித்தான் காயவைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பேசியதை விட்டுவிடுகிறேன். அந்த வீடியோவில் சிதறிய நெல்லைக் கையால் கூட்டிக்கொண்டிருக்கிறவரின் முகம் பளிச்சென்று தெரிகிறது, அதற்கு மேலே சிரிப்புப் பொம்மை வேறு. முதலில் அதை எடு தம்பி. காலிப்பரைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.