"காந்திபுரத்துக்கு 20 நிமிசம்" – எத்தன மணிக்குங்க?

கோயமுத்தூரு சத்தி ரோட்டுல வீடு விக்கற ஒரு லேஅவுட்டுக்காரங்க, டவுன் நடுவுல இருக்கற காந்திபுரத்துக்கு 20 நிமிசம்தான்னு ஒரு விளம்பர வீடியோ போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதானுங்க. "காந்திபுரத்துக்கு 20 நிமிசம்னு சொல்றீங்களே, எத்தன மணிக்கு?" பதில் வரல. "வாங்க வக்கில்லாதவனுக்கு வயித்தெரிச்சல்"னு ஒருத்தர் எழுத, மத்தவங்க சிரிச்சு வெக்க, கடைசில என்னைய பிளாக்கும் பண்ணியாச்சு. எந்த லேஅவுட்டுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், பேரு எழுதல. கேள்வி மட்டும் அப்படியே நிக்குது.

20 நிமிசம்கறது பொய்யில்லீங்க. ஞாயித்துக்கெழம காலைல 7 மணிக்கு சத்தி ரோட்டுல வந்தா வந்துரலாம். சைட்டு காட்டக் கூட்டிட்டுப் போறதும் ஞாயித்துக்கெழமதானே! திங்கக்கெழம 8:45க்கு அதே ரோட்டுல சரவணம்பட்டி தாண்டி கணபதி வந்து சேர்றவங்ககிட்டக் கேளுங்க. டிடிசிபி அப்ரூவல் (லேஅவுட்டுக்கு அரசாங்க அனுமதி) இருக்கா, ரெரா நம்பர் (வீடு, மனை விக்கறவங்க பதிவு பண்ற நம்பர்) இருக்கான்னு கேக்க நம்ம ஆளுங்க நல்லாவே பழகிட்டாங்க. எத்தன மணிக்குன்னு கேக்க மட்டும் வாய் வர்றதில்ல.

கோயமுத்தூரு ரோடுகள ஒருக்கா மேப்புல பாருங்க. அவிநாசி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, தடாகம், மருதமலை, பாலக்காடு, பொள்ளாச்சி, திருச்சி ரோடு. எல்லாம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவுல வந்து குத்துது. ஒரே ரோட்டுல வீடும் வேலையும் இருந்தா 15 கிலோமீட்டரக் கூட சமாளிச்சுரலாம். ஒரு ரோட்டுலிருந்து இன்னொரு ரோட்டுக்குக் குறுக்க போறதுதான் ஆளக் கொல்லுது. வடவள்ளில வீடு, சரவணம்பட்டில ஆபீஸ்னா, மேப்புல பக்கமாத்தான் தெரியும். இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், கணபதின்னு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு போகணும். கவுண்டம்பாளையம் மேம்பாலம் மேட்டுப்பாளையம் ரோட்டோட நேராப் போறவனுக்கு. குறுக்க போற நீங்க அதுக்கு அடியில நிப்பீங்க. பல எடத்துல சிக்னல எடுத்துட்டு யு-டர்ன் வெச்சுட்டாங்க. ஆபீஸ் ரோட்டுக்கு எந்தக் கை பக்கம் இருக்குதுங்கறதே ஒரு கணக்கு. எதிர்ப் பக்கம்னா தினமும் தாண்டிப் போய்த் திரும்பி வரணும்.

"அதான் அவிநாசி ரோட்டுல மேம்பாலம் வந்துருச்சே"ம்பீங்க. வந்துருச்சு, நல்ல விசயம். உப்பிலிபாளையத்துலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டரு, 2025 அக்டோபர்ல தெறந்தாங்க. நீலாம்பூர், சின்னியம்பாளையம் பக்கத்துலிருந்து டவுனுக்கு வர்றவங்களுக்குப் பெரிய நிம்மதி. சத்தி ரோட்டு சைட்டு விளம்பரத்துல அந்தப் பாலத்துப் படத்தைப் போடறாங்க பாருங்க, அதுக்கு மட்டும் எனக்கு வெளக்கம் வேணும். மெட்ரோவும் அப்படித்தான். 2025 நவம்பர்ல மத்திய அரசு திட்டத்தத் திருப்பி அனுப்பிருச்சு. பலகையில இன்னும் "மெட்ரோ அருகில்"னு இருக்குது.

சோதிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க. கூகுள் மேப்புல புறப்படற நேரத்தத் திங்கக்கெழம காலை 8:45ன்னு மாத்துங்க. "30 முதல் 55 நிமிசம்"னு ஒரு கணக்கு காட்டும். அதுல பெரிய எண்ணத்தான் எடுத்துக்கணும். அப்புறம் நேர்லயே போய்ப் பாருங்க. மே மாசம் வேண்டாம், பள்ளிக்கூடம் லீவு, ரோடு காலியா இருக்கும். ஐப்பசி மழைல ஒரு நாள் கண்டிப்பாப் போங்க. லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் சுரங்கப்பாலத்துல தண்ணி நின்னா டவுனுக்குள்ள எல்லா வழியும் மாறிப்போயிரும். மருதமலை ரோட்டுல வாங்கறவங்க தைப்பூசத்தன்னைக்கு ஒருக்கா வந்து பாத்துக்கறது நல்லது.

இப்பப் பணம். "டவுன்ல 60 லட்சம், இங்க 45 லட்சம், 15 லட்சம் மிச்சம்"னு அந்த வீடியோல சிரிச்சுட்டே சொன்னாரு. 15 லட்சத்துக்கு 8.5 சதம் வட்டி, 20 வருசம்னா மாசத்தவணை 13,000. சரி, மிச்சம்தான். ஆபீசுக்கு ஒரு பக்கத்துக்கு 25 கிலோமீட்டர், மாசம் 25 நாள், பெட்ரோல் 100 ரூவான்னே வெச்சுக்கலாம். லிட்டருக்கு 15 ஓடற காருக்கு 8,300. வீட்டுல இன்னொருத்தர் 45 ஓடற ஸ்கூட்டர்ல போனா 2,800. ஆக 11,100 புகையாப் போச்சு. மீதி 1,900 ரூவா. வருசத்துக்கு ஒரு வண்டி 15,000 கிலோமீட்டர் ஓடுது, டயரும் சர்வீசும் அதுக்குள்ளதான். ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர, மாசம் 50 மணி நேரம் ரோட்டுல. அதுக்கு வெல போடவே இல்ல.

கைக்காசு வேற. 45 லட்ச ரூவா தனி வீட்டுக்கு பேங்க் 80 சதம், 36 லட்சம் வரைக்கும்தான் குடுக்கும். மீதி 9 லட்சம் உங்க கைலிருந்து. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், அது 4 லட்சத்துக்கு மேல. அதுக்கு வீட்டுக்கடன் கிடையாது. 13 லட்சம் ரொக்கமா இல்லாம அட்வான்ஸ் குடுத்துட்டு நகையக் கொண்டுபோய் வெக்கறாங்க.

"நெலத்து வெல ஏறும்ல?" ஏறட்டுமுங்க. அப்ப எடத்த வாங்கிப் போட்டுட்டு, வேலைக்குப் பக்கத்துல வாடகைக்கு இருங்க. யாரு வேண்டாம்னா?

"பட்ஜெட் இல்லாதவன் எங்கய்யா போவான்?" இதக் கேட்டவங்கமேல எனக்குக் கோவமில்ல. ரயிலப் பாருங்க. மேட்டுப்பாளையம் மெமு (பக்கத்து ஊருகளுக்கு ஓடற கரண்டு ரயிலு) காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், வடகோவைல நிக்குது. கெழக்க சோமனூர், இருகூர், சிங்காநல்லூர். ஸ்டேசனுக்கு நடக்கற தூரத்துல பாருங்க. வண்டி கம்மி, அதனால டைம்டேபிளுக்கும் உங்க சிப்டுக்கும் ஒத்துவருதான்னு மொதல்லயே பாத்துக்கோணும். இல்லாதவனப் பாத்து நான் சிரிக்கறேன்னு எழுதியிருக்காங்க. அவன்கிட்ட ஞாயித்துக்கெழம நேரத்தக் காட்டி 20 வருசக் கடன விக்கறது ஆருங்க?

தெரிஞ்ச ஒரு புள்ள திருப்பூர்ல பனியன் கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசரு, வீட்டுக்காரரு சரவணம்பட்டி பக்கம் கீரணத்தத்துல ஐடி. ரெண்டு பேருக்கும் நடுவுலன்னு அன்னூர் பக்கம் வீடு வாங்குனாங்க. மேப்புல நடுவுலதான். அவருக்கு ஒரே ரோடு. அவளுக்கு அவிநாசில பஸ் மாறணும். சிப்மெண்ட் சமயத்துல ராத்திரி 9 மணிக்கு வெளிய வந்தா எந்த பஸ்சு? சாதா டவுன் பஸ்சுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாதது 2021லிருந்து இருக்குது. பஸ்சு வரோணுமே. இப்ப வேலைய விட்டுட்டா. தவணை ஒத்தச் சம்பளத்துல ஓடுது. யாரு விடறதுன்னு அந்த வீட்டுல ஒரு பேச்சுக்கூட நடக்கலீங்க. அவதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. இதக் கேட்டா வயித்தெரிச்சலாமா?

இன்பாக்ஸ்ல "அண்ணா, அட்வான்ஸ் குடுத்துட்டேன்"னு வர்ற தம்பிகளுக்கு: அக்ரிமெண்ட்டுல கிரயம் பண்ண எத்தன மாசம் கெடுன்னு பாருங்க. அதுக்குள்ள வேலை நாள்ல மூணு தடவ காலைலயும் பொழுதோடயும் போய் வாங்க. உங்க ஆபீசுக்கு மட்டுமில்ல, உங்க வீட்டுக்காரம்மா ஆபீசுக்கும்.