ஐஆர்க்யூ கணக்கு நேராகாமல் கொடி நட்டுப் பயனில்லை

நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவருக்கு என்னிடம் வரும் பேட்ச் (திருத்தம்) எதுவானாலும், ஐஆர்க்யூவை, அதாவது கார்டு சிபியூவைக் கூப்பிடும் இன்டரப்ட் லைனை, மூடும் டிசேபிள்_ஐஆர்க்யூ எங்கெங்கே இருக்கிறது, அதற்கு ஜோடியாகத் திறக்கும் எனேபிள்_ஐஆர்க்யூ எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு ஐஆர்க்யூவுக்கும் 'டெப்த்' என்று ஒரு எண் வைத்திருக்கிறது. டிசேபிள் செய்தால் ஒன்று கூடும், எனேபிள் செய்தால் ஒன்று குறையும். 0 ஆனால்தான் லைன் திறக்கும்.

ஏற்கெனவே 0-வில் இருக்கும்போது இன்னொரு எனேபிள் வந்தால், 'அன்பேலன்ஸ்டு எனேபிள்' என்று கெர்னல் பதிவில், எந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியலோடு (ஸ்டாக் டிரேஸ்) வார்னிங் கத்தும். எல்லோரும் இதற்குத்தான் பதறுகிறார்கள். என்னைக் கேட்டால் இது நல்ல பக். தானே வந்து ஆஜராகிவிடுகிறது. டிசேபிள் ஒன்று கூடிப்போனால்தான் வில்லங்கம். கெர்னல் வாயே திறக்காது. லிங்க் அப் என்று காட்டும், பிங் போகாது. பாவம், ஆள் கேபிளை மாற்றுவார், சுவிட்சைத் திட்டுவார். ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் அந்தக் கார்டின் இன்டரப்ட் எண்ணிக்கை மட்டும் நகராமல் நிற்கும்.

உண்மையில் பாக்கெட் வாங்கும் பாதையில் இந்த ஃபங்ஷன்களுக்கு வேலையே இல்லை. லைனை வேறு டிவைஸும் பகிர்ந்துகொண்டிருந்தால் அதன் வாயையும் சேர்த்து அடைக்கிறோம். போதாததற்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவர் ஃபங்ஷன்) முடியும்வரை டிசேபிள்_ஐஆர்க்யூ காத்திருக்கும். ஹேண்ட்லருக்கு உள்ளிருந்தே கூப்பிட்டால் தனக்காகத் தானே காத்துக் கிடக்கும். இன்டரப்டைக் கார்டுக்குள்ளேயே அடைக்கும் மாஸ்க் ரெஜிஸ்டரில் நிறுத்திவிட்டு, பாக்கெட்டுகளைத் தொகுதியாக வாங்கும் கெர்னல் ஏற்பாடான நாப்பியிடம் ஒப்படைப்பதே முறை. நாப்பி கூப்பிடும் போல் ஃபங்ஷனுக்கு ஒரு தடவைக்கு வழக்கமான பட்ஜெட் 64 பாக்கெட். அதற்குக் குறைவாக முடிந்தால் நாப்பியிடம் கம்ப்ளீட் சொல்லி, அது சரி என்றால் மட்டும் மாஸ்க்கை எடுக்கலாம். 64-ம் தீர்ந்திருந்தால் தொடக்கூடாது, மறுபடி கூப்பிடுவார்கள். இந்த இரண்டு கிளையிலும் மாஸ்க்கை எடுக்கும் பேட்ச் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் சஸ்பெண்ட், ரெஸ்யூம் (கணினி தூங்கும்போதும் எழும்போதும் ஓடும் டிரைவர் ஃபங்ஷன்கள்). ஐஆர்க்யூவை ப்ரோபிலேயே (டிரைவர் கார்டோடு இணையும் கட்டத்திலேயே) வாங்கி வைக்கும் டிரைவரில், இன்டர்ஃபேஸ் டவுனாக இருந்தால் சஸ்பெண்ட் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். ரெஸ்யூமோ எதையும் பார்க்காமல் எனேபிள் போடும். அந்த வார்னிங் வருவது இதனால்தான். சஸ்பெண்டில் உள்ள அதே நிபந்தனையை ரெஸ்யூமிலும் வைத்தால் தீர்ந்தது. ஆனால் வருவது என்ன? 'ஐஆர்க்யூ_எனேபிள்டு' என்று ஆம், இல்லை என்று மட்டும் குறித்துவைக்கும் ஒரு பூலியன் கொடி. கெர்னல் சரியாக வைத்திருக்கும் கணக்குக்கு மேல், ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொடாமல் காக்கும் பூட்டு கூட இல்லாமல் இரண்டாவது கணக்கு! இரண்டு சிபியூ ஒரே நேரத்தில் அதைப் படித்தால் வார்னிங் மறுபடி வரும், இல்லையேல் லைன் மூடியே கிடக்கும்.

பேட்சோடு வரும் விளக்கக் குறிப்பான கமிட் மெசேஜில் 'வார்னிங் நின்றுவிட்டது' என்று மட்டும் எழுதி இந்தக் கொடியோடு வரும் பேட்சை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி.