ஏஜென்ட் இருந்தால் வக்கீல் வேண்டாமா? உண்மை விளக்கம்

"வெளிநாட்டில் இரண்டாவது வீடு வாங்கும்போது வில்லங்கத்தை எல்லாம் ஏஜென்டே பார்த்துவிடுவார், தனியாக வக்கீல் வைப்பது வீண் செலவு" என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. இது தவறு. இதை நம்பி யாரும் சேமிப்பைத் தொலைத்துவிடக் கூடாது.

ஏஜென்ட் வீட்டைக் காட்டுவார், விலை பேசித் தருவார். அது பயனுள்ள வேலைதான். ஆனால் பெரும்பாலும் அவரை அமர்த்தியவர் விற்பவர். வீடு கைமாறினால்தான் அவருக்குக் கமிஷன்.

ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுக்குமாடி வீட்டின் பராமரிப்புக் கட்டண பாக்கி வீட்டோடு சேர்ந்தே வரும். நடப்பு ஆண்டுக்கும் முந்தைய 3 ஆண்டுகளுக்கும் உள்ள பாக்கிக்கு, நீங்கள் வாங்கிய வீடே பொறுப்பு. அடமானம் இருக்கிறதா, உண்மையான உரிமையாளர் யார் என்பதையெல்லாம் சொத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் 'நோட்டா சிம்ப்ளே' என்ற சுருக்க நகல் காட்டிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நீங்கள் அமர்த்திய வக்கீல் அதைப் புதிதாக எடுத்துப் பார்க்கட்டும். ஏஜென்ட் நீட்டும் பழைய நகல் போதாது.

அப்புறம் பிரான்ஸ். அங்கே பத்திரம் முடிப்பவர் நோட்டேர் என்ற, அரசு நியமிக்கும் சட்ட அலுவலர். அவர் நடுநிலையானவர், உங்கள் பக்கம் மட்டும் நிற்பவர் அல்ல. வாங்குபவர் தனக்கென இன்னொரு நோட்டேரை வைத்துக்கொண்டாலும் கூடுதல் கட்டணம் இல்லை, இருவரும் ஒரே கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள்.