“தமிழ் ஃபான்ட் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க சார்”

பேக்கப் எடுத்தீங்களான்னு இனிமே யாராவது கேட்டீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன். எடுத்தேன்யா! டேட்டாபேஸ் தனியா, படம், டிசைன் எல்லாம் இருக்கிற டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் தனியா, ஹோஸ்டிங்ல ஒண்ணு, என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு. டிசைன்ல நான் செஞ்ச மாத்தம் அழியாம இருக்க சைல்டு தீம் கூடப் போட்டு வெச்சிருந்தேன். என் வலைப்பதிவை ஓட்டுற சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸ். அதோட அப்டேட்டுக்கு முன்னாடி செய்யணும்னு யூடியூப் அண்ணன்மார் ஓதுற அத்தனை சடங்கையும் முடிச்சிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன்.

வெள்ளைப் பக்கம். நடுவுல இங்கிலீஷ்ல ஒரு வரி: பராமரிப்பு நடக்குது, ஒரு நிமிஷம் கழிச்சு வாங்க.

ஒரு நிமிஷமாம்! அந்த வரியைக் காட்ட வைக்கிறது ஒரு துக்கடா ஃபைல். பேரே புள்ளியில ஆரம்பிக்கும், அதனால ஃபைல் மேனேஜர்ல சும்மா பார்த்தா தெரியாது, மறைஞ்சதையும் காட்டுடான்னு செட்டிங்ஸ்ல போய்க் கெஞ்சணும். அதுக்குள்ள அப்டேட் ஆரம்பிச்ச நேரம் எழுதியிருக்கும். 10 நிமிஷம் தாண்டிட்டா வேர்ட்பிரஸே அந்த ஃபைலைச் சீந்தாது. அப்ப 10 நிமிஷம்னே போட்டுத் தொலைய வேண்டியதுதானே? குளிக்கவே போகாம “தெருமுனைக்கு வந்துட்டேன் மச்சி”ன்னு போன்ல சொல்றவன்தான் அந்த வரியை எழுதியிருக்கணும்.

அது ஒழிஞ்சுது, அடுத்த வரி வந்துச்சு. தளத்துல பெரிய கோளாறு, அட்மின் மெயிலைப் பாருங்கன்னு. 2019ல வேர்ட்பிரஸ் 5.2 வந்ததுல இருந்து இருக்கிற வசதி, குறை சொல்லக் கூடாது, நல்ல வசதிதான். ஆனா அந்த மெயிலை அனுப்ப வேண்டியது யாரு? கோளாறாகிக் கிடக்கிற அதே சர்வர். இன்பாக்ஸ்ல இல்ல. ஸ்பாம்ல இல்ல. எங்கயும் இல்ல.

காரணம் ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதிக்காக வேர்ட்பிரஸ்ல சொருகுற ஒட்டுச் சாமான். அதோட புது வெர்ஷனுக்கு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியில 8 வேணுமாம். சரி, வேணும்னா வேணும், அதை பிளகின் ஃபைலோட தலைப்பகுதியில, ஹெட்டர்ல, ஒரு வரி எழுதி வெச்சிருந்தா வேர்ட்பிரஸே “உன் சர்வர் பத்தாது”ன்னு அப்டேட்டை நிறுத்தியிருக்கும். அந்த ஒரு வரியைத்தான் எழுதலை. பிரீமியம் வாங்குங்கன்னு டேஷ்போர்டு முழுக்க பேனர் கட்டத் தெரியுது, அது மட்டும் வரலை. சரின்னு பிஹெச்பியை 8க்கு ஏத்தினா தீம் படுத்துடுச்சு. 8ல தூக்கிட்ட கிரியேட்-ஃபங்ஷன்ங்கிற பழைய கட்டளையை அது இன்னும் கட்டிப் பிடிச்சிட்டிருக்கு. பிளகினுக்கு 8 வேணும், தீமுக்கு 7 வேணும், நடுவுல நான்.

பேக்கப் இருக்கே, பழையபடி ஆக்கிடலாம்னு ஹோஸ்டிங்காரங்களோட ரீஸ்டோர் பட்டனைத் தட்டினேன். வெற்றின்னு பச்சை டிக் வந்துச்சு. தளமும் வந்துச்சு. தமிழ் மட்டும் வரலை.

பதிவு முழுக்க, தலையில சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்துல வட்டத்துக்குள்ள ‘ஆர்’, பின்னாடி ஏதோ ஒரு கிறுக்கல், மறுபடி ‘ஏ’, மறுபடி ‘ஆர்’. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், அதை மூணு தனி எழுத்தா காட்டுது. “அம்மா”ங்கிற சொல்லுக்கு (அ, ம, புள்ளி, ம, கால்னு 5 குறி) 15 குப்பை. 2006ல இருந்து எழுதினது அத்தனையும்.

ஹோஸ்டிங்காரங்களோட உதவி சாட்டுக்குப் போனேன்.

“வணக்கம் சார், எப்படி உதவலாம்?”

சொன்னேன். படம் எடுத்து அனுப்பினேன்.

“புரியுது சார். கேஷ் கிளியர் பண்ணிட்டீங்களா?”

பண்ணிட்டேன்.

“எங்க பக்கம் சைட் நல்லா லோட் ஆகுதே சார்.”

லோட் ஆகுது தம்பி, எழுத்தைப் பாருங்க.

“மெனு எல்லாம் சரியா இருக்கே சார்.”

மெனு இங்கிலீஷ்ல இருக்கு தம்பி.

“ரெண்டு நிமிஷம் கொடுங்க சார்.”

கொடுத்தேன். அவங்க ஊர் ரெண்டு நிமிஷம். டீ போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவி வெச்சிட்டு வந்தா, பதில் வந்திருக்கு:

“உங்க சிஸ்டத்துல தமிழ் ஃபான்ட் இல்லன்னு நினைக்கிறேன் சார். இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க.”

இவ்வளவு நேரமும் அவர்கூட நான் தமிழ்லதான்யா டைப் பண்ணிட்டிருந்தேன்!

விஷயம் இதுதான். 2007க்கு முன்னாடி வேர்ட்பிரஸ் போட்டவங்க டேட்டாபேஸ் டேபிள் பல இடத்துல லாட்டின்1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) பேர் ஒட்டிக்கிட்டு, உள்ள யுடிஎஃப்8 தமிழை வெச்சிட்டிருக்கும். 2015ல 4.2 வந்தப்ப டேபிள்களை யுடிஎஃப்8எம்பி4ங்கிற முழு யுடிஎஃப்8க்கு வேர்ட்பிரஸே மாத்திச்சு, ஆனா லாட்டின்1 டேபிளைத் தொடலை. இத்தனை வருஷமா பேர் தப்பா இருந்தாலும் தமிழ் தெரிஞ்சுது. இந்த ரீஸ்டோர் பட்டன் பேரை நம்பி, உள்ள இருந்ததை லாட்டின்னு எடுத்துக்கிட்டு மாத்தி எழுதிடுச்சு. சரி பண்ற வழி இருக்கு: டேட்டாபேஸை ஒரு ஃபைலா இறக்குற டம்ப் எடுக்கும்போது கேரக்டர் செட் (எழுத்து முறை) லாட்டின்1னு கொடுத்து எடுக்கணும், அந்த ஃபைல்ல லாட்டின்1னு இருக்கிற இடத்தை யுடிஎஃப்8எம்பி4ஆ மாத்தணும், திரும்ப ஏத்தணும். குப்பையா தெரிஞ்சா பிழைச்சீங்க. கேள்விக்குறியா தெரிஞ்சா அழுதுடுங்க, அது வராது. இங்கிலீஷ்ல மட்டும் எழுதுறவனுக்கு இந்தச் சனியன் அவ்வளவா கண்ணுல படாது, அதனால வழிகாட்டிகள்ல தேடித்தான் பிடிக்கணும்.

“அப்டேட்டே பண்ணாதீங்க ப்ரோ”ன்னு கிளம்பாதீங்க. 2017 தொடக்கத்துல, பாதுகாப்பு ஓட்டையை அடைச்ச 4.7.2க்கு மாறாத தளங்கள்ல எவனெவனோ புகுந்து பதிவுகளையே மாத்தி எழுதிட்டுப் போனான். “ஆட்டோ அப்டேட் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க”ன்னும் வராதீங்க. 2018 பிப்ரவரியில வந்த 4.9.3 எதைக் கெடுத்துச்சு தெரியுமா? அந்த ஆட்டோ அப்டேட்டையே. மறுநாள் 4.9.4 விட்டு, இதை மட்டும் நீங்களே கையால போட்டுக்கோங்கன்னு சொன்னாங்க. இப்ப நினைச்சா சிரிப்புதான் வருது.

தமிழ் திரும்ப வந்தப்ப விடிஞ்சிடுச்சு. பசி. கீழ ஓட்டல்ல நாலு இட்லி பார்சல் வாங்கிட்டு வந்தேன். இந்தச் சட்னி கவர்ல நூலைச் சுத்துறாங்களே, அவங்களை ஒரு நாள் நேர்ல பார்க்கணும். சாம்பார் எங்கயும் தப்பிச்சு ஓடப் போறதில்ல, எதுக்கு அத்தனை சுத்து? முனையை எங்க ஒளிச்சு வைக்கிறாங்க? நகத்தால கீறி, பல்லால கடிச்சு, கடைசியில கவரே கிழிஞ்சு சட்டையெல்லாம் சாம்பார். நூல் மட்டும் அப்பவும் அவிழலை.