டயரைத் தின்னது கேம்பர் இல்லைங்க, டோ

முன் டயர் ரெண்டும் உள்பக்கம் கம்பி தெரியுற அளவுக்குத் தேஞ்சு போச்சு, ஆனா வெளியில இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கு. சக்கரத்தை முழுசா ஒடிச்சு வச்சு குனிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது. பாத்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "கேம்பர் ஓவரா வச்சுட்டப்பா." கேம்பர்னா காரை முன்னாடி இருந்து பாக்கும்போது சக்கரம் எவ்வளவு சாஞ்சு நிக்குதுங்கிறது, மேல்பக்கம் உள்ள சாஞ்சா மைனஸ், அதாவது நெகட்டிவ்.

தப்பு என்னோடதுதான், இல்லைங்கல. ட்ராக்ல ஓட்டுறவங்க வைக்கிற நம்பரை அப்படியே எடுத்து முன்னாடி -2.5 டிகிரி கேம்பர், கூடவே டர்ன் இன், அதாவது வளைவுக்குள்ள கார் திரும்புறது, சுறுசுறுப்பா இருக்கும்னு கொஞ்சம் டோ அவுட். டோன்னா மேல இருந்து பாக்கும்போது சக்கரத்தோட முன்பக்கம் எங்க திரும்பி இருக்குங்கிறது, வெளிய திரும்பினா டோ அவுட், உள்ள திரும்பினா டோ இன். வளைவுல திருப்பும்போது சும்மா சொல்லக்கூடாது, மூக்கு கத்தி மாதிரி உள்ள போகும். ஆனா நேர் ரோட்ல ஒரு கையில பிடிச்சு ஓட்ட முடியாது, ரோட்ல இருக்குற தடம் எல்லாம் ஸ்டீயரிங்கை இழுக்கும், அவசரமா பிரேக் அடிச்சா டயர் முழு அகலமும் தரையில உக்காராத மாதிரி ஒரு ஃபீல்.

ஆனா தேய்மானத்துக்குப் பெரிய காரணம் டோதான். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு டயர் 0.1 டிகிரி திரும்பி இருந்தாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் பக்கவாட்டுல உரசிக்கிட்டே வருது, நேரா போற ரோட்லயும் நிறுத்தாம. கேம்பர் என்ன பண்ணுதுன்னா அந்த உரசல் எல்லாத்தையும் உள் விளிம்புல கொண்டுபோய் சேத்துடுது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க. உள்ளங்கையை டயர் மேல குறுக்க ரெண்டு பக்கமும் தேச்சுப் பாருங்க, ஒரு திசையில தேச்சா வழவழன்னும் எதிர்த் திசையில தேச்சா ரம்பப் பல்லு மாதிரியும் இருந்தா டோவைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

இப்ப ரோட்ல மட்டும் ஓடுற என் காருக்கு நான் வச்சிருக்கிறது: முன்னாடி -1.2 கேம்பர், டோ ஜீரோ. பின்னாடி -1.5, கொஞ்சூண்டு டோ இன். பின்னாடி டோ அவுட் மட்டும் வேண்டவே வேண்டாம், ஈர ரோட்ல வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரை விட்டீங்கன்னா வால் முன்னாடி வந்து ஹலோ சொல்லும். காஸ்டர் (பக்கவாட்டுல இருந்து பாத்தா, முன் சக்கரம் திரும்புற அச்சோட சாய்வு), கார் எவ்வளவு குடுக்குதோ அவ்வளவு, ரெண்டு பக்கமும் சமமா. ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வரும், அதைவிட முக்கியம், ஒடிச்சுத் திருப்பும்போது வெளிச் சக்கரத்துக்கு அதுவே நெகட்டிவ் கேம்பர் சேத்துக் குடுக்கும், நேரா போகும்போது அந்த டயருக்கு அதனால பெருசா செலவு கிடையாது.

எல்லாக் காருலயும் இதெல்லாம் மாத்த முடியாதுங்கிறதும் இருக்கு. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி முன்னாடி மூணும், பின்னாடி கேம்பரும் டோவும் மாத்துற கார் வச்சிருக்கிறவங்க குடுத்து வச்சவங்க. முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா இருக்குற சஸ்பென்ஷன்) இருக்குற நிறைய கார்ல டோ மட்டும்தான் மாறும், கேம்பர் வேணும்னா தனியா பிளேட்டோ போல்ட்டோ போடணும்.

இன்னொரு கூத்து. இந்தக் கோணங்களை அளந்து சரி பண்றதுக்குப் பேரு அலைன்மென்ட், அந்த மெஷின் பிரிண்ட்ல 1°30' னு இருந்ததை நான் 1.3 னு படிச்சிட்டு ரொம்ப நாள் சுத்திட்டு இருந்தேன், அது 30 மினிட், அதாவது 1.5 டிகிரி. டோவும் அப்படித்தான், பிரிண்ட்ல இருக்கிறது ஒரு சக்கரத்துக்கா ரெண்டும் சேந்த டோட்டலான்னு கேக்காம வந்தா கணக்கு பாதியாவோ டபுளாவோ ஆயிடும். எல்லாம் பச்சைல, அதாவது அனுமதிச்ச அளவுக்குள்ள, இருக்கு சார்னு அனுப்பிடுவாங்க, அந்தப் பச்சைக்குள்ளயே இடது வலது வித்தியாசமா இருக்கலாம்.

காரைத் தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங் போடுறதுன்னா முதல்ல அதைப் போடுங்க, சஸ்பென்ஷன்ல ஆட்டம் கண்ட ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட் மாத்துங்க, காத்து சரி பண்ணுங்க, அப்புறம் அலைன்மென்ட். பின்னாடி முதல்ல, முன்னாடி கடைசில, அதுலயும் டோ கடைசி, ஏன்னா கேம்பரைத் தொட்டா டோ தானா நகரும். போன தடவை நானே டிரைவர் சீட்ல ஏறி உக்காந்துட்டேன், லேசான ரெண்டு சீட்டு கார்ல ஒரு ஆள் வெயிட்டுக்கே நம்பர் மாறும். மெக்கானிக் ஒரு மாதிரி பாத்தாரு, ஸ்கிரீன்ல கேம்பர் நகர்றதைப் பாத்துட்டு, "அப்படியே இருங்க, அசையாதீங்க"ன்னாரு.