வேலை போனால் முதலில் தேட வேண்டியது வேலை அல்ல, காகிதம்

2025 ஜூலையில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை அனுப்பப் போவதாகச் சொன்னதிலிருந்து சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் பக்கம் பேச்சே மாறிவிட்டது. நாட்டின் வளர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சிறுசேரிக்கும் பெருங்குடிக்கும் இடையில் பத்து வருட அனுபவத்தோடு வேலை தேடுகிறவருக்கு இது மந்தநிலைதான், பெயர் எதுவாக இருந்தால் என்ன?

இப்படி வீட்டில் உட்கார்ந்தவருக்கு "மனசை விட்றாதீங்க" என்று சொல்ல ஊரே வருகிறது. "பே ஸ்லிப் எல்லாம் டவுன்லோட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்க ஒருத்தரும் வருவதில்லை. என் கருத்து இதுதான்: வேலையிழப்பில் முதல் அறுபது நாள் மனசு சம்பந்தப்பட்டதைவிட காகிதமும் கணக்கும் சம்பந்தப்பட்டது. அதில் விடுகிற ஓட்டை ஆறு மாதம் கழித்து, நல்ல ஆஃபர் கையில் இருக்கும்போது கழுத்தைப் பிடிக்கும்.

ஹெச்ஆர் கூப்பிட்டு "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று சொல்லும் அந்த அறையிலிருந்து தொடங்குவோம். அங்கேயே மெயில் அனுப்பாதீர்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. சட்டப்படி 'தொழிலாளர்' வரையறைக்குள் வருகிறவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் கொடுக்க வேண்டும். ஐடிக்கு இதெல்லாம் பொருந்தாது என்பது பழைய கதை. ஐடி நிறுவனங்களுக்கும் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அங்கேயும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நீங்கள் அந்த வரையறைக்குள் வருவீர்களா என்பதைப் பதவிப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, செய்யும் வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் "ஒரு நாள் டைம் கொடுங்க" என்று கேளுங்கள். எத்தனை மாதச் சம்பளம், இன்சூரன்ஸ் எதுவரை, ரிலீவிங் லெட்டரில் என்ன காரணம் இருக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு மெயில் அனுப்பலாம்.

லாகின் எப்போது வெட்டப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பே ஸ்லிப்புகள், படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர்கள் இவற்றை மட்டும் அன்றே சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கோடு, கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். பலர் மறக்கும் ஒன்று கம்பெனி கொடுத்த சிம். ஆதார், வங்கி, யுஏஎன் (பிஎஃப்புக்கான அடையாள எண்) மூன்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு எந்தக் கதவும் திறக்காது. முதலில் ஆதாரில் சொந்த நம்பரை மாற்றுங்கள், மற்றவை அதன் பின்னால் வரும்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்கினால் ஏறத்தாழ தொகை வந்துவிடும். 30 நாளுக்குள் தர வேண்டும். நாலு வருடமும் 240 நாளும் முடித்தவர்கள் "அஞ்சு ஆகலையே" என்று விட்டுவிட வேண்டாம். அதுவே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

இனி பிஎஃப். கையில் காசு குறைந்ததும் எல்லோர் கண்ணும் போகிற இடம். நான் இதைக் கடைசியாகத்தான் தொடச் சொல்வேன். வட்டி (2024-25-இல் 8.25 சதவீதம்) வேலை இல்லாத மாதங்களிலும் ஏறிக்கொண்டிருக்கும். மொத்தச் சேவை ஐந்து வருடத்துக்குள் இருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதோடு மாற்றி இணைத்திருந்தால் அந்தச் சேவையும் இந்த ஐந்தில் சேரும். இணைக்காதவர்தான் வீணாக வரி கட்டுகிறார். முன்பு இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தாலே முழுத் தொகையும் எடுக்க முடிந்தது. 75 சதவீதம் உடனே, முழுக் கணக்கையும் முடிக்க 12 மாதம், பென்ஷன் பங்குக்கு 36 மாதம் என்று மாற்ற 2025 அக்டோபரில் பிஎஃப் அமைப்பின் அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பென்ஷன் பங்கை எடுத்தால் அதுவரை சேர்ந்த சேவைக் காலம் அழிந்துவிடும். மாத பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடத்தை நெருங்கியவர் அதைத் தொடவே கூடாது.

கிளெய்ம் தள்ளுபடி ஆவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் இனிஷியல். ஆதாரில் 'எஸ் கார்த்திக்', பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து 'கார்த்திக் சுப்பிரமணியன்', பிஎஃப்பில் இன்னொன்று. குடும்பப் பெயரே இல்லாத நமக்கு குடும்பப் பெயர் கட்டம் வைத்த படிவங்களால் வந்த வினை. யுஏஎன் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கி ஆதாரோடு சரிபார்த்ததாக இருந்தால், பெயரையும் பிறந்த தேதியையும் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே ஹெச்ஆர் இன்னும் ஃபோன் எடுக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். அடுத்தது விலகிய தேதி. கம்பெனி ஏற்றாமல் விட்டால், கடைசி சந்தா வந்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து யுஏஎன் தளத்தில் நீங்களே பதியலாம். பணம் எடுக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். அது காலியாக இருந்தால் அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தவர்போலத் தெரியும்.

பிஎஃப்பைத் தொடாமல் மாதச் செலவுக்கு என்ன செய்வது? சேமிப்பு, டெபாசிட், அதற்கடுத்து நகைக்கடன். கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வைத்தால் வட்டி தாங்கும். கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிக்கொண்டு போவதுதான் படுகுழி. மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஓடும் வட்டி அது. வீட்டுக்கடன் இருந்தால் ஈஎம்ஐ பவுன்ஸ் ஆவதற்கு முன்பே கிளைக்குப் போய் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். சம்பளக் கணக்கில் மூன்று மாதம்போல சம்பளம் வராவிட்டால் பல வங்கிகள் அதைச் சாதாரணக் கணக்காக்கி, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கும். எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டு மாதத் தவணை), சந்தா என்று அதில் தொங்குகிறவற்றை முதல் வாரமே பிரித்துவிடுங்கள்.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிகிறது. அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்த வருடங்கள் கணக்கில் வரும். கேட்க வேண்டியது விலகுவதற்கு முன்பு. வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர் இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

அரசு உதவித்தொகையைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடம். குடும்ப வருமானம் வருடம் 72,000-க்குள் இருக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவருக்கு அதுவும் இல்லை. வேறென்ன சொல்ல!

வேலை தேடுவதை முழுநாள் தவமாக்காதீர்கள். காலையில் மூன்று மணி நேரம் போதும். நௌக்ரியில் ப்ரொஃபைலில் ஒரு வரி மாற்றிச் சேமித்தாலே தேடலில் மேலே வரும். 'உடனே சேரலாம்' என்பதை மேலேயே போடுங்கள், மூன்று மாத நோட்டீஸ்காரர்களுக்கு நடுவில் உங்களிடம் இருக்கும் ஒரே அனுகூலம் அது. ரெஸ்யூமேயை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, கட்டம் கட்டி அழகுபடுத்தாதீர்கள், படிக்கும் மென்பொருள் அதைக் குழப்பிவிடும். நூறு இடத்தில் அப்ளை செய்வதைவிடப் பழைய டீம்மேட் இருபது பேரிடம் ரெஃபரல் கேட்பது பலன் தரும். வெட்கமாக இருக்கும், கேளுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

இடைவெளியை மறைக்க அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகள் பக்கம் போகாதீர்கள். யுஏஎன் சேவை வரலாறும் வரிக் கணக்கில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவமும் எந்த மாதம் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். எட்டு மாத இடைவெளிக்காக ஆஃபரை ரத்து செய்பவர்கள் குறைவு, பொய்க்காக ரத்து செய்பவர்கள் நிறைய. வேலைக்கு முன்பணம் கேட்டால், டெலிகிராமில் ரேட்டிங் போடச் சொன்னால், டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து டேட்டா என்ட்ரி என்றால் ஓடிவிடுங்கள். 2022-லிருந்து நம் பிள்ளைகள் மியான்மர் மோசடிக் கூடாரங்களில் சிக்கியது இந்த வழியில்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரம்தான் மடக்க வாய்ப்பு.

வருட நடுவில் வேலை போனவருக்கு ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு வரி பிடித்திருப்பார்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்ப வரும். அதே வருடத்தில் புது வேலை கிடைத்தால் பழைய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதிய வரி முறையின் 75,000 ரூபாய் நிலையான கழிவை இரண்டு கம்பெனியுமே கொடுத்து, ஜூலையில் உங்கள் தலையில் வரி விழும். மாதம் 20-ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் முதல் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். ஆஃபர் வந்ததும் நகையை மீட்க ஓடாமல், அந்த ஒரு மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.