மாடு முட்டினாலும் தாங்குமாம்

விறாந்தைக்கு வலை அடித்து வளர்ப்புப் பிராணிகளை உள்ளே வைத்திருப்பது எப்படி என்று கற்பிக்கும் காணொளிகளில் கடற்காற்று வீசுவதில்லை. சட்டத்தின் மூலை விலகுவதில்லை. எந்த நாயும் குரைப்பதில்லை. கையுறை அணிந்த ஒருவர் சட்டத்தின் பள்ளத்தில் இறப்பர் நாடாவைச் சிறு சில்லினால் உருட்டி அழுத்த, வலை தானாகவே இறுகிக்கொள்ள, அதற்குப் பின்னால் பொன்னிற நாயொன்று படுத்துத் தூங்குகிறது. அந்த நாய்க்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

திருகோணமலையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நாகம் பூசிய கம்பிவலையை அடித்தால், உப்புக்காற்று முதலில் நாகத்தைத் தின்றுவிட்டுப் பிறகு கறளைச் சுவரில் வழியவிடும். அலுமினிய வலை வெண்மையாகப் பூத்து, நாயின் மூக்குப் பட்ட இடமெல்லாம் குழிவிழும். கடலோரத்துக்கு உகந்த 316 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கு வலை இருக்கிறதா என்று கேட்டால், ஏதோ பேருந்து இலக்கத்தை விசாரித்ததுபோல் கடைக்காரர் பார்க்கிறார்.

ஆகவே, நாய் பூனைகளுக்கென்றே தடித்த பொலியெஸ்ரர் நூலில் பி.வி.சி. பூசி நெய்யும் வலையைத் தெளிவாகக் கேட்டேன். அவர் சாம்பல்நிறச் சுருளொன்றை விரித்து, “அதுதான் அண்ணை இது. நாயென்ன, மாடு வந்து முட்டினாலும் தாங்கும்” என்றார். அவர் வெட்டித் தந்தது அங்குலத்துக்கு 18க்கு 16 கண் கொண்ட சாதாரணக் கண்ணாடியிழை வலை. அதன் நூல் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு தடிப்புக்கூட இல்லை; நுளம்பின் வலிமையை மனத்திற் கொண்டு நெய்யப்பட்டது.

மரச்சட்டத்தில் வலையை விரித்து, அதன்மேல் ரீப்பை வைத்து, கடைசித் திருகாணியும் இறங்கிய அதே மாலையில், இந்த நகரத்தைத் தம் பெயரில் எழுதி வைத்திருக்கும் புள்ளிமான்களில் ஒன்று எங்கள் படலையால் நுழைந்தது. அது வாழைப்பழத் தோலொன்றைக் கண்டது. அதை எங்கள் நாய் ஜிம்மி கண்டான். ஜிம்மியை நான் கண்டேன். முதலில் அவனுடைய ஒரு காது எழுந்தது, பிறகு மற்றையது, பிறகு ஜிம்மி முழுவதுமாக எழுந்தான். நான் பெயர் சொல்லி அதட்டியதை, அடுத்த வீட்டு நாயை யாரோ அழைப்பதாக அவன் எடுத்துக்கொண்டான். பாய்ந்த வேகத்தில் வலை வெளிப்புறமாகப் புடைத்தது. ஒரு கணம் அது தாங்கியதை நான் மறுக்கவில்லை, அந்தக் கணத்தில் கடைக்காரரை மனதார வாழ்த்தவும் செய்தேன். அடுத்த கணம் ரீப்பையின் விளிம்போடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது நேர்த்தியாகக் கிழிந்தது. கத்தியால் நான் வெட்டியபோதுகூட அவ்வளவு நேராக வரவில்லை.

மான் அசையவில்லை. தோலை மென்றபடி கொம்பை மட்டும் சற்றுத் தாழ்த்தியது. ஜிம்மிக்குச் செவ்வரத்தைப் பற்றைக்குள் அவசர அலுவல் நினைவுக்கு வந்தது. யாருக்காக இத்தனை செலவும் செய்யப்பட்டதோ அந்தப் பூனை, தனக்காகவே திறந்துவைக்கப்பட்ட வாசல் என்ற நினைப்பில் அமைதியாக வெளியேறியது. நுளம்புகள் எதிர்த்திசையில் வந்தன. சற்றுப் பொறுத்துத் திரும்பிய ஜிம்மி, தான் திறந்த அந்த மாபெரும் ஓட்டையை ஏறெடுத்தும் பாராமல், அதற்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறக்கச் சொல்லி முனகினான்.

“கீழ மூண்டடிக்குப் பலகை அடிச்சிருக்கலாமே” என்று மச்சான் இப்போது சொல்கிறார். அதை நான் சொன்னபோது, காற்று வராது என்று தடுத்தவரும் அவர்தான்.

கிழிந்த துண்டைக் கடையில் விரித்துக் காட்டினேன். கடைக்காரர் அதை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, “மாடு முட்டினதோ?” என்றார். நாய் என்றேன். நாய்க்கென்றால் வேறு வலை இருக்கிறதாம். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டுமாம். முழுச் சுருளாக, 30 மீற்றராக மட்டுமே தருவார்களாம். எனக்குத் தேவைப்படுவது அதில் காற்பங்கு என்று சொன்னதற்கு, மிச்சத்தை வைத்துக்கொண்டால் மானையும் வளர்க்கலாமே என்றார். சண்டை பிடிக்கவென்று போனவன், சிரிப்பை அடக்கமுடியாமல் முற்பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.